பெப்டைடும் உலோகமும்: கொல்கத்தா ஆராய்ச்சிகள்

உருளைக்கிழங்குத் துண்டின்மீது ஹைட்ரஜன் பெராக்ஸைடுக் கரைசலைச் சில துளி விட்டால் நுரை பொங்கும். கிழங்கிலுள்ள கேட்டலேஸ் என்னும் நொதி அதனை நீராகவும் ஆக்ஸிஜனாகவும் பிரிப்பதே காரணம். பெரும் புரதமாகிய இந்நொதியில், 'ஹீம்' என்னும் அமைப்பின் நடுவிலுள்ள இரும்பு அணுவே கிரியா ஊக்கியாக வேலை செய்கிறது.

இவ்வேலைக்குப் பெரும் புரதம் இன்றியமையாததன்று. ஏழே அமினோ அமிலங்கள் கொண்ட பெப்டைடுகள் தாமாகவே அடுக்கடுக்காகச் சேர்ந்து இழைகளாகித் துத்தநாகத்தைப் பற்றிக்கொண்டு எஸ்டர்களைப் பிளக்கும் என்பதை 2014இல் அமெரிக்க விஞ்ஞானிகள் காட்டினர். தனித்து நின்றால் இயலாத செயல், ஒன்றுகூடியபின் இயலுகிறது. நதியா மாவட்டம் மோகன்பூரிலுள்ள இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிலையத்தில் திவ்யேந்து தாஸ் குழுவினரும் இத்தகைய இழைகளை ஊக்கிகளாக்கி ஆராய்ந்துள்ளனர்.

குடுவையில் பயன் தரும் இவ்வமைப்பே மூளையில் கேடாக முடியலாம். 1906இல் ஜெர்மானிய மருத்துவர் அல்சைமர் விவரித்த மறதி நோயில், நாற்பது அல்லது நாற்பத்திரண்டு அமினோ அமிலங்கள் கொண்ட அமிலாய்டு பீட்டா என்னும் பெப்டைடு மூளையில் படிகிறது. அது செம்பையும் ஹீமையும் பற்றிக்கொள்ள வல்லது.

கொல்கத்தா ஜாதவ்பூரிலுள்ள இந்திய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கத்தில் அபிஷேக் டே, சோமதத்தா கோஷ் டே ஆகியோர் இச்சேர்க்கையை ஆராய்ந்தனர். 1876இல் மகேந்திரலால் சர்க்கார் நிறுவிய இச்சங்கத்தில்தான் 1928இல் சர் சி. வி. ராமன் தம் பெயர் கொண்ட விளைவைக் கண்டறிந்தார். அந்த ஒளிச்சிதறல் முறையே இவ்வாராய்ச்சிக்கும் துணைநின்றது. எலெக்ட்ரான் ஏற்ற நிலையிலுள்ள ஹீம், இப்பெப்டைடுடன் சேர்ந்திருக்கையில் ஆக்ஸிஜனை ஹைட்ரஜன் பெராக்ஸைடாக மாற்றுவது தெரியவந்தது. கிழங்கில் அந்நஞ்சை அழிக்கும் ஹீம் இரும்பே இங்கு அதனை உண்டாக்குகிறது! சுற்றியுள்ள அமினோ அமிலங்களே உலோகத்தின் தொழிலை நிர்ணயிக்கின்றன.

எலியின் பெப்டைடு 5, 10, 13 ஆகிய மூன்று இடங்களில் மட்டுமே மனிதனுடையதினின்று வேறுபடுகிறது. எலிகளின் மூளையில் இப்படிவு இயல்பாகத் தோன்றுவதில்லை. ஹீமைப் பற்றவும் பெராக்ஸைடை ஆக்கவும் உதவும் அமினோ அமிலங்கள் அவ்விடங்களிலேயே இருப்பது கருதத்தக்கது.

எனினும், நோயின் மூலகாரணம் இதுவே என நிறுவப்படவில்லை. செப்புக் குடத்து நீரால் மறதி வரும் என இதனின்று முடிவு கட்டுவதும் தவறாகும். முதியோரின் மறதியை மூப்பெனத் தள்ளிவிடாது மருத்துவரிடம் காட்டுமாறு கிராம மக்களுக்கு எடுத்துரைத்தலே களப்பணியாளர் இன்று செய்யக்கூடிய நற்பணியாகும்.