கணிப்பொறிக் கூடத்தில் ஒரு கண்ணாடி

“வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும்” என்பது நம் முன்னோர் மொழி. இது கணிப்பொறிக்கும் பொருந்தும். 2014ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் ‘ஹார்ட்பிளீட்’ என்னும் பெருங்குறை மென்பொருள் ஒன்றில் வெளிப்பட்டது. அதற்கான திருத்தமும் அன்றே வெளியாயிற்று. ஆயினும் அதை ஏற்றிக்கொள்ளாத கணிப்பொறிகள் பூட்டில்லாத வீடுகளாகவே கிடந்தன. ஆகவே திருத்தம் வெளிவந்தால் மட்டும் போதாது. அது ஒவ்வொரு கணிப்பொறிக்கும் வந்து சேரவும் வேண்டும்.

40 கணிப்பொறிகள் உள்ள ஒரு பள்ளிக்கூடத்தை நினைத்துக்கொள்வோம். ஒரு மாதத்துத் திருத்தங்கள் 300 மெகாபைட் என்று வைத்துக்கொண்டால், 40 கணிப்பொறிகளும் இணையத்திலிருந்து இறக்குவது 12,000 மெகாபைட்! வருவதோ ஒரே பொதிகள்தாம். அவையே 40 தடவை வருகின்றன. இணைப்பு ஆமையாய் நகரும், பாடவேளையும் முடிந்துவிடும். “நாளை பார்த்துக்கொள்ளலாம்” என்று தள்ளிப்போடுவோம். ஆபத்து நுழைவது அந்த நாளையில்தான்.

இதற்கு லினக்ஸ் உலகம் கண்ட வழியே ‘மிரர்’, அதாவது கண்ணாடி. லினக்ஸை 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கினார். 1993இல் இயன் மர்டாக் தொடங்கிய ‘டெபியன்’ லினக்ஸ் தொகுப்புகளுள் புகழ்பெற்றது. நம் நாட்டில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸும் டெபியனை அடிப்படையாகக் கொண்டதே. டெபியனின் மென்பொருள் கிடங்கை உள்ளது உள்ளபடியே பல நாடுகளிலும் நகல் எடுத்து வைத்திருக்கிறார்கள். அத்தகைய நகலை நம் கூடத்திற்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம் அன்றோ?

அதற்கு இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, கிடங்கு முழுவதையும் நகல் எடுப்பது. ‘ஆப்ட்-மிரர்’, ‘டெப்மிரர்’ ஆகிய மென்பொருள்கள் இதற்கு உதவும். ஒரே வகைக் கணிப்பொறிக்குரிய பொதிகளை மட்டும் எடுத்தாலும் பல நூறு கிகாபைட் இடம் வேண்டும். நூற்றுக்கணக்கான கணிப்பொறிகள் உள்ள இடத்திற்கு இது ஏற்றது.

இரண்டாவது வழி எளியது. ‘ஆப்ட்-கேச்சர்-என்ஜி’ என்னும் மென்பொருளை ஒரு கணிப்பொறியில் நிறுவ வேண்டும். மற்றக் கணிப்பொறிகளின் அமைப்புக் கோப்பில் அதன் முகவரியையும் 3142 என்னும் போர்ட் எண்ணையும் ஒரே வரியில் எழுதிவிட வேண்டும். முதற் கணிப்பொறி ஒரு பொதியைக் கேட்கும்போது அது இணையத்திலிருந்து வரும்; உடனே சேமித்தும் வைக்கப்படும். அடுத்த 39 கணிப்பொறிகளும் அதே பொதியைக் கூடத்துக்குள்ளேயே பெற்றுக்கொள்ளும். 12,000 மெகாபைட் 300 ஆகக் குறைந்துவிடும்! சிறு பள்ளிக்கு இதுவே போதும்.

“நடுவில் உள்ள கணிப்பொறியில் யாரேனும் பொதியை மாற்றிவைத்தால் என்ன செய்வது?” என்று தோழியர் கேட்கலாம். பொதுத்தேர்வு வினாத்தாள் கட்டு நினைவிருக்கிறதா? யார் சுமந்து வந்தாலும் முத்திரை உடையாதிருந்தால் நம்பிப் பிரிக்கிறோம். அதுபோலவே டெபியனின் பட்டியலில் மின்னணுக் கையொப்பம் உண்டு. ஒவ்வொரு பொதியையும் சரிபார்க்கும் எண்ணும் அப்பட்டியலின் வழியாகவே கிடைக்கிறது. ஓர் எழுத்து மாறினாலும் எண் பொருந்தாது. கணிப்பொறி அப்பொதியை ஏற்க மறுத்துவிடும்.

மற்றோர் ஆபத்து இதைவிட நுட்பமானது. முழு நகல் எடுத்து வைத்துவிட்டு அதைப் புதுப்பிக்க மறந்தால், கண்ணாடி பழைய உருவத்தையே காட்டிக்கொண்டிருக்கும். பழைய பட்டியலைப் பார்த்த கணிப்பொறிகள், புதிய திருத்தம் எதுவும் இல்லை என்று நம்பிவிடும். கையொப்பமும் சரியாகவே இருக்கும்! இதனால்தான் டெபியனின் பாதுகாப்புத் திருத்தப் பட்டியலில் காலாவதி நாளும் குறிக்கப்படுகிறது. அந்நாள் கடந்தால் கணிப்பொறி அப்பட்டியலை ஏற்காமல் எச்சரிக்கும். நாமும் ‘க்ரான்’ என்னும் நேரக் கருவியைக் கொண்டு, ஒவ்வோர் இரவும் நகல் தானே புதுப்பிக்கப்படுமாறு செய்ய வேண்டும். புதுப்பிக்கும்போது முதலில் பொதிகளும், பிறகே பட்டியலும் வர வேண்டும். பட்டியல் முந்திக்கொண்டால், இல்லாத பொதியைத் தேடிக் கணிப்பொறிகள் திகைக்கும். வட்டில் இடம் மிச்சமுள்ளதா, நேற்றிரவு வேலை முடிந்ததா என்பதை வாரம் ஒரு முறையேனும் ஒருவர் பார்த்துவருவது நலம்.

விவிலியத்தில் வரும் பத்துக் கன்னியரின் உவமையை நாம் அறிவோம். பத்துப் பேர் கையிலும் விளக்கு இருந்தது. ஐவரிடமே போதிய எண்ணெய் இருந்தது. கண்ணாடியை அமைப்பது விளக்கை ஏந்துவது போன்றது; அதை நாள்தோறும் புதுப்பிப்பதே எண்ணெய். ஒரு முறை பெற்றதை அனைவரும் பகிர்ந்துகொள்வோம்; பகிர்வதைப் பழுதின்றிப் புதிதாகவும் வைத்திருப்போமாக!