எஞ்சினைப் பிரிக்கும் முன் லேப்டாப்பைக் கேளுங்கள்

புதிதாக லேப்டாப் வாங்கியவர்கள் முதலில் அதில் பாட்டு கேட்பார்கள், படம் பார்ப்பார்கள், இன்டர்நெட்டில் உலவுவார்கள். வாசலில் நிற்கும் காருக்குள்ளும் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது என்பதும், அதனுடன் நம் லேப்டாப்பைப் பேச வைக்கலாம் என்பதும் பலருக்குத் தெரியாது. கார் இழுக்கவில்லை என்றால் கோளாறு பெட்ரோல் வரும் வழியிலா, எஞ்சினுக்கு உள்ளேயா? இரண்டுக்கும் ஆகும் செலவு மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். இதைப் பிரித்து அறிய லேப்டாப் எப்படி உதவும் என்று இக்கட்டுரையில் பார்ப்போம்.

எங்கள் போடிநாயக்கனூர் பக்கம் இது பொழுதுபோக்கு விஷயம் அல்ல. முந்தலைத் தாண்டினால் போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் வண்டிகள் தினமும் இதில் ஏறி இறங்குகின்றன. வளைவின் நடுவில் எஞ்சின் திணறினால் உள்ளே இருப்பவர்களின் உயிருக்கே ஆபத்து.

காருக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்

இதன் பெயர் ஈ.சி.யூ. காற்றின் அளவு, எஞ்சின் சூடு, புகையில் மிஞ்சும் ஆக்சிஜன் ஆகியவற்றை சென்சார்கள் மூலம் அறிந்து, எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும் என்று நொடிக்குப் பல முறை இது கணக்கிடுகிறது. கணக்கு ஒத்துவராதபோது ஒரு குறியீட்டைப் பதிந்துகொண்டு, டேஷ்போர்டில் மஞ்சள் நிற எஞ்சின் விளக்கை எரிய விடுகிறது.

இந்தக் குறியீடுகளை எல்லா நிறுவனக் கார்களிலும் ஒரே முறையில் படிப்பதற்கான ஏற்பாடே ஓ.பி.டி. அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து ஓ.பி.டி.-2 கட்டாயமானது. இந்தியாவில் பி.எஸ்.-4 விதிகளுடன் 2010 முதல் படிப்படியாக வந்தது. ஸ்டீயரிங்குக்குக் கீழே, முழங்கால் அருகே, 16 பின் கொண்ட சாக்கெட் ஒன்று இருக்கும். அதுதான் நமக்கு வாசல்.

என்னென்ன தேவை?

1. 'ஈ.எல்.எம்.327' வகை அடாப்டர். இது யூ.எஸ்.பி., ப்ளூடூத், வை-பி என மூன்று விதமாகக் கிடைக்கிறது. புதியவர்களுக்கு யூ.எஸ்.பி.யே எளிது. மலிவான போலிகள் அதிகம். வாங்கும்போது உங்கள் காரில் இணைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

2. விண்டோஸ் லேப்டாப்.

3. 'புட்டி' என்ற இலவச சாப்ட்வேர். அழகான மீட்டர்களைக் காட்டும் சாப்ட்வேர்களும் உண்டு. ஆனால் ஒருமுறை கையால் டைப் செய்து பார்த்தால்தான் உள்ளே நடப்பது புரியும்.

முதல் கேள்வி

அடாப்டரை சாக்கெட்டில் செருகி, யூ.எஸ்.பி. வயரை லேப்டாப்பில் இணைத்து, கார் சாவியை 'ஆன்' நிலைக்குத் திருப்பவும். ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து 'டிவைஸ் மேனேஜர்' செல்லவும். 'போர்ட்ஸ்' பிரிவில் 'காம் 3', 'காம் 4' என ஏதேனும் ஓர் எண் தெரியும். அதைக் குறித்துக்கொள்ளவும். புட்டியைத் திறந்து 'சீரியல்' என்பதைத் தேர்ந்தெடுத்து, அந்தக் காம் எண்ணையும் வேகமாக 38400 என்பதையும் கொடுத்து 'ஓப்பன்' கிளிக் செய்யவும். பதில் வராவிட்டால் வேகத்தை 115200 என மாற்றிப் பாருங்கள்.

இப்போது 0105 என டைப் செய்து என்டர் தட்டுங்கள். 'எஞ்சின் சூடு எவ்வளவு?' என்பதே இந்தக் கேள்வி. 41 05 78 என்பது போல் பதில் வரும். முதல் இரண்டு இணைகள் எந்தக் கேள்விக்கான பதில் என்பதைச் சொல்கின்றன. 78 தான் விடை. இது ஹெக்ஸாடெசிமல் எண்: 7×16+8=120. இதிலிருந்து 40 கழித்தால் 80 டிகிரி செல்சியஸ். உறைபனிக்குக் கீழான வெப்பநிலையையும் மைனஸ் குறி இல்லாமல் அனுப்புவதற்காக 40 கூட்டி அனுப்புகிறார்கள். அவ்வளவுதான் ரகசியம்!

குறியீடு என்பது நோயின் பெயர் அல்ல

அடுத்து 03 என டைப் செய்யவும். இது பதிந்துள்ள குறியீடுகளைக் கேட்கும் கட்டளை. பதிலில் 01 71 என்று இருந்தால் அதுவே பி0171. அதாவது 'கலவையில் பெட்ரோல் போதவில்லை'. எதனால் போதவில்லை என்பதை அது சொல்லாது. காய்ச்சல் என்று தெர்மாமீட்டர் சொல்லும். மலேரியாவா, டைபாய்டா என்று சொல்லாது அல்லவா? அதுபோலத்தான்.

காரணத்தை நெருங்க 'ப்யூயல் ட்ரிம்' உதவும். வழக்கமான அளவைவிட எத்தனை சதவீதம் கூட்டியோ குறைத்தோ ஈ.சி.யூ. பெட்ரோல் தெளிக்கிறது என்பதே ட்ரிம். 0107 என்று கேட்டால் நீண்டகால ட்ரிம் கிடைக்கும். வரும் எண்ணிலிருந்து 128 கழித்து, 100 ஆல் பெருக்கி, 128 ஆல் வகுக்கவும்.

ஐடிலிங்கில் ட்ரிம் மிக அதிகமாக இருந்து, ஆக்சிலேட்டரை மிதித்ததும் குறைந்தால், காற்றுக் குழாயில் விரிசல் இருக்கலாம். எஞ்சின் கொஞ்சமாகக் காற்று இழுக்கும்போதுதான் சிறு கசிவு பெரிய பங்காகிறது. மாறாக, ஐடிலிங்கில் சரியாக இருந்து ஏற்றத்தில் ட்ரிம் ஏறினால், தேவையான பெட்ரோல் வந்து சேரவில்லை என்று பொருள். பில்டர், பம்ப் ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். காற்றளவு சென்சாரில் அழுக்குப் படிந்தாலும் இதே அறிகுறி தெரியும். எனவே முடிவு செய்யும் முன் பெட்ரோல் அழுத்தத்தை கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

என் தாய்மாமாவின் பெட்ரோல் கார் போடிமெட்டு ஏற்றத்தில் திணறியது. 'பிஸ்டன் ரிங் போயிருக்கும், எஞ்சினை இறக்க வேண்டும்' என்றார் ஒரு மெக்கானிக். நான் லேப்டாப்பை இணைத்தேன். குறியீடு பி0171. ஐடிலிங்கில் 41 07 84, அதாவது சுமார் 3 சதவீதம். ஏற்றத்தில் 41 07 98, அதாவது 18.75 சதவீதம். வேறொரு மெக்கானிக்கிடம் கேஜ் வைத்துப் பார்த்தபோது, ஆக்சிலேட்டர் கொடுத்ததும் பெட்ரோல் அழுத்தம் சரிந்தது. நான்கு சிலிண்டர்களிலும் கம்ப்ரஷன் ஏறக்குறைய ஒரே அளவு. தோட்டத்தில் கேனில் வைத்திருந்த பெட்ரோலை ஊற்றியதில், டாங்கினுள் பம்பின் அடியில் உள்ள வலை வடிகட்டி சேற்றால் அடைபட்டிருந்தது. அதை மாற்றியபின் ஏற்றத்தில் 41 07 82, ஒன்றரை சதவீதம்தான். எஞ்சினை இறக்கவே இல்லை.

இதில் மிச்சமானது பணம் மட்டும் அல்ல. பெட்ரோல் குறைந்த கலவையுடன் தொடர்ந்து ஏற்றம் ஏறினால் எரிதல் சூடு கூடி, எஞ்சினில் தட்டல் உண்டாகி, பிஸ்டனும் வால்வும் சேதமடையும். சிறு அடைப்பு பெரிய எஞ்சின் வேலையில் முடிவது இப்படித்தான்.

மலை செய்யும் மாயம்

எல்லா இழுவைக் குறைவும் கோளாறு அல்ல. 0133 என்பது காற்றழுத்தத்தைக் கேட்கும் கட்டளை (சில கார்கள் பதில் தராது). போடியில் 61 என்பதை ஒட்டி வரும். அதாவது 97 கிலோபாஸ்கல். சுமார் ஆயிரம் மீட்டர் ஏறி போடிமெட்டு சென்றால் 56, அதாவது 86 கிலோபாஸ்கல் அளவுக்கு இறங்கும். காற்று சுமார் 11 சதவீதம் குறைவு. டர்போ இல்லாத எஞ்சினில் இழுவையும் ஏறக்குறைய அவ்வளவு குறையும். இது இயற்கை.

பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலப்பது 2025-ல் நாடெங்கும் எட்டப்பட்டது. எத்தனாலுக்காகக் கொஞ்சம் கூடுதலாகத் தெளிக்க வேண்டியிருப்பதால், பழைய கார்களில் ட்ரிம் சில சதவீதம் கூடித் தெரியலாம். அதற்குப் பயப்பட வேண்டாம்.

எஞ்சினே கெட்டிருந்தால்?

பி0301 முதல் பி0304 வரையிலான குறியீடுகள், எந்த சிலிண்டரில் மிஸ்ஸிங் என்று சொல்லும். ரேம் பழுதா என்று அறிய அதை வேறு ஸ்லாட்டில் மாற்றிப் பார்ப்போம் அல்லவா? அதே உத்திதான் இங்கும். 1-வது சிலிண்டரின் இக்னிஷன் காயிலை 2-வதுடன் மாற்றிப் போடச் சொல்லுங்கள். குறியீடு பி0301 என்பதிலிருந்து பி0302 என மாறினால் காயில்தான் பழுது. மாறாவிட்டால் பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என வரிசையாகப் பார்க்க வேண்டும்.

கம்ப்ரஷனை லேப்டாப் அளக்காது. அதற்குத் தனி கேஜ் உண்டு. குறைவாகக் காட்டும் சிலிண்டரில் சிறிது எஞ்சின் ஆயில் விட்டு மீண்டும் அளந்தால் அளவு உயருகிறதா? ரிங் தேய்மானம். உயரவில்லையா? வால்வு அல்லது ஹெட் கேஸ்கட். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்களிலும் குறைவு என்றால் கேஸ்கட் மீது சந்தேகம் வலுக்கும். இந்தச் சோதனைக்குப் பிறகே எஞ்சினைப் பிரிக்கச் சம்மதியுங்கள்.

எதற்கெல்லாம் உதவாது?

மெக்கானிக்கல் பம்ப் உள்ள பழைய மஹிந்திரா ஜீப்புகளில் ஈ.சி.யூ. கிடையாது, அடாப்டரால் பயன் இல்லை. காமன்-ரெயில் டீசல் வண்டிகளில் குறியீடு வரும். பெட்ரோல் கார் போன்ற ட்ரிம் கணக்கு அங்கு இல்லை. பி0087 என்றால் ரெயிலில் அழுத்தம் குறைவு; முதலில் டீசல் பில்டரைப் பாருங்கள். தண்ணீரில் ஓடும் ஜெட் ஸ்கீயிலும் ஈ.சி.யூ. உண்டு. ஆனால் கார் சாக்கெட் அதில் இருக்காது. சீ-டூ வண்டிகளுக்கு அந்நிறுவனத்தின் 'பட்ஸ்' போன்ற தனி சாப்ட்வேர் வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

* ஓட்டுபவர் லேப்டாப்பைப் பார்க்கவே கூடாது. பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும்.
* 04 என்ற கட்டளை குறியீடுகளை அழித்துவிடும். எல்லாவற்றையும் நோட்டில் எழுதும் முன் அதைத் தொடாதீர்கள்.
* வேலை முடிந்ததும் அடாப்டரைக் கழற்றிவிடுங்கள். இல்லையேல் பேட்டரி மெல்ல இறங்கும்.
* கார் நன்றாக இருக்கும்போதே ஒருமுறை இந்த எண்களை எடுத்து ஒரு பைலில் சேமித்து வையுங்கள். நாளை எஞ்சின் விளக்கு எரிந்தால், ஒப்பிட்டுப் பார்க்க உங்களிடம் ஒரு கணக்கு இருக்கும்.