ஆடிக்காற்றுக்கு ஒரு முக்கோணம்

சென்னை விமான நிலையத்திலிருந்து கோவை விமான நிலையத்துக்கு வரைபடத்தில் நேர்கோடு இழுத்துப் பாருங்கள். அரூருக்குச் சற்றுத் தெற்கே, பாப்பிரெட்டிப்பட்டியை ஒட்டிப் போய் ஏற்காடு மலைமேல் ஏறும். தூரம் சுமார் 400 கிலோமீட்டர். விமானிகள் கணக்கில் 218 நாட்டிக்கல் மைல். 100 நாட் (மணிக்கு 100 நாட்டிக்கல் மைல்) வேகமுள்ள சிறிய பயிற்சி விமானம் 2 மணி 11 நிமிடத்தில் போய்விடும்.

இது காற்றே இல்லாத நாளின் கணக்கு. ஆடி மாதம், மேற்கிலிருந்து 30 நாட் காற்று அடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விமானத்தின் மூக்கைக் கோட்டின் திசையிலேயே வைத்து ஓட்டினால், பாப்பிரெட்டிப்பட்டியைத் தேடும் விமானி ஆத்தூர்ப் பக்கம் போயிருப்பார். விலகல் ஏறத்தாழ 50 கிலோமீட்டர்!

ஜி.பி.எஸ். வருவதற்கு முன் இதைத் தீர்த்தது 'காற்று முக்கோணம்'. காற்று ஒரு பக்கம், விமானத்தின் மூக்கும் வேகமும் இன்னொரு பக்கம், தரையில் உண்மையில் நகரும் பாதை மூன்றாவது பக்கம். காற்றும், விமானத்தின் வேகமும், பாதையின் திசையும் தெரிந்தால் மிச்சம் தானே கிடைக்கும்.

ஆனால் குலுங்கும் விமானத்தில் மடிமேல் தாளை விரித்துக் கோடு போடுவது லேசான வேலையில்லை. அமெரிக்கக் கடற்படை விமானி பிலிப் டால்டன் 1930-களில் அதைக் கையடக்கமாக்கினார். அதுதான் ஈ-6-பி. ஒரு பக்கம் வட்ட வடிவ ஸ்லைடு ரூல். நேரம், தூரம், எரிபொருள் கணக்கெல்லாம் அதில். மறுபக்கம் சுழலும், ஒளி ஊடுருவும் வட்டு, அடியில் கோடுகளும் வில்களும் அச்சிட்ட நகரும் அட்டை. வட்டைக் காற்றின் திசைக்குத் திருப்பி, மையத்துக்கு மேலே 30 கட்டத்தில் பென்சில் புள்ளி வைக்க வேண்டும். பிறகு பாதையின் திசையான (வடக்கிலிருந்து வலஞ்சுழியாக) 237 டிகிரிக்குத் திருப்பி, புள்ளி 100-ஆம் வில்லில் உட்காரும்வரை அட்டையை நகர்த்தினால் போதும். மையத்தில் 73 தெரியும், அதுதான் தரைவேகம். புள்ளி நடுக்கோட்டுக்கு வலப்பக்கம் 9 டிகிரி தள்ளி நிற்கும். மூக்கை அவ்வளவு வலப்பக்கம் திருப்ப வேண்டும்.

பயணம் இப்போது 3 மணி நேரம். எரிபொருள் போடும்போது இந்தக் கூடுதல் 49 நிமிடத்தை மறந்தால் பிழைப்பு கஷ்டம்தான்.

டால்டன் 1941-இல் பயிற்சிப் பறப்பு விபத்தில் இறந்தார். அவருடைய வட்டு இரண்டாம் உலகப் போரில் பறந்தது. 'ஸ்டார் ட்ரெக்' தொடரில் ஸ்பாக்கின் கையிலும் வந்தது. விமானி ஆகப் படிப்பவர்கள் இன்றும் இதைப் பழகுகிறார்கள்.

வட்டு இல்லாமலும் செய்து பார்க்கலாம். 10 நாட் வேகத்துக்கு 1 செ.மீ. என்று வைத்து, ஒரு புள்ளியிலிருந்து கிழக்கே 3 செ.மீ. காற்றுக்கோடும், 237 டிகிரியில் பாதைக்கோடும் போடுங்கள். காற்றுக்கோட்டின் நுனியில் கவராயத்தை ஊன்றி 10 செ.மீ. வில் வரையுங்கள். அது பாதைக்கோட்டை 7.3 செ.மீ. பக்கத்தில் வெட்ட வேண்டும்.