பாட்டியின் குரலுக்கு ஓர் அறை

சிங்கப்பெருமாள் கோவிலில் பாடலாத்ரி நரசிம்மர் எழுந்தருளியிருப்பது மலையைக் குடைந்த கருவறையில். பெருமானை வலம் வருவோர் மலையையே சுற்ற வேண்டும். அங்கே ஓதப்படும் பாசுரம் பாறையில் பட்டுத் திரும்பிச் செவியை நிறைக்கும். சந்நிதிக்கு அழகான அவ்வெதிரொலியே வீட்டு ஒலிப்பதிவுக்குப் பகை.

1963-ல் இசைத்தட்டாக வந்த எம்.எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதம் இன்றும் இல்லங்களில் ஒலிக்கிறது. ஆயினும், திருப்பாவையில் நம் வீட்டுப் பாட்டி எங்கே மூச்சு வாங்குவார், எச்சொல்லில் குரல் தழுதழுப்பார் என்பதை எந்த இசைத்தட்டும் தராது. அதைப் பேரப்பிள்ளைகளுக்காகச் சேமிக்கப் பெரும்பொருள் வேண்டியதில்லை.

ஜி.எஸ்.டி. சாலைக்கும் ரயில் பாதைக்கும் அருகில் வசிப்போர் உள்ளறையையும் வைகறைப் பொழுதையும் தெரிந்தெடுப்பது நலம். வெறுஞ்சுவரில் கனத்த போர்வைகளைத் தொங்கவிட்டு, தரையில் ஜமக்காளம் விரித்தால் எதிரொலி அடங்கும். துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து அதனருகே அமர்ந்து பாடினாலும் பயனுண்டு. மின்விசிறியை நிறுத்தியே ஆகவேண்டும். வியர்வையைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்!

தொடக்கத்திற்குக் கைப்பேசியே போதும். வாய்க்கு ஒரு சாண் தள்ளி, சற்றே பக்கவாட்டில் வைத்தால் மூச்சுக்காற்று மோதாது. இயன்றோர் யு.எஸ்.பி. மைக் வாங்கலாம். பதிவைச் செப்பனிட ஆடாசிட்டி என்னும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது.

முடிந்தவுடன் நகலொன்றை வேறு கருவியிலும் வைத்தல் வேண்டும். கைப்பேசி பழுதானால் குரலும் போய்விடும்.