காவல் காக்கும் மென்பொருள்

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலையில் கிரிவலம் வந்திருக்கிறீர்களா? பாதையின் நீளம் 14 கிலோமீட்டர். செங்கம் சாலையில் ரமணாசிரமத்தின் முன்னே நின்று பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் மனிதத் தலைகள்தாம். எங்கே நெரிசல், எங்கே ஒருவர் மயங்கி விழுந்தார் என்பதை ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி எப்படி அறிவார்? வழிநெடுக ஆட்களை நிறுத்தி, அடிக்கடி ஒவ்வொருவரையும் அழைத்து, "உங்கள் பக்கம் எப்படி?" என்று கேட்க வேண்டும். ஆபத்து என்றால் அங்கிருப்பவர் தாமே கூப்பிட்டுச் சொல்ல வேண்டும்.

கணிப்பொறி வலைகளிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான். செய்திகளை வழியனுப்பும் ஒவ்வொரு கருவியிலும் 'முகவர்' என்னும் சிறு நிரல் இருக்கும். மையத்திலுள்ள 'மேலாளர்' நிரல் அதனிடம் நலம் விசாரிக்கும். கருவிகளோ பல கம்பெனிகள் செய்தவை. அவை ஒன்றையொன்று புரிந்துகொள்ளப் பொதுவான பேச்சுமுறை வேண்டுமல்லவா? அதற்காக 1988-இல் வகுக்கப்பட்டதே எஸ்.என்.எம்.பி. என்னும் விதிமுறை.

இந்த விதிமுறைக்கான மென்பொருளை எழுதி விற்கத்தான் 1996-இல் அட்வென்ட்நெட் கம்பெனி தொடங்கப்பட்டது. தொடங்கியவர்களுள் ஒருவர் ஸ்ரீதர் வேம்பு. 1968-இல் பிறந்த இவர் சென்னை ஐ.ஐ.டி.யில் மின் பொறியியல் படித்தார். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். குவால்காமில் கம்பியில்லாத் தொடர்புப் பொறியாளராக வேலை பார்த்தார். பிறகு சகோதரர்களும் நண்பர் டோனி தாமசும் சேர, இந்தத் தொழில்.

கம்பெனியின் மென்பொருளைப் பெரும்பாலும் வாங்கியவர்கள் தொலைத்தொடர்புக் கருவி செய்வோர். 2001-இல் உலகெங்கும் அத்தொழில் சரிந்தது. வாங்கியவர்களில் பெரும்பாலோர் மறைந்தே போயினர். இனி யாருக்கு விற்பது?

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். கைவசமிருந்த பொறியாளர்கள் வலையைக் கண்காணிக்கும் கலையை அறிந்தவர்கள். கருவி செய்பவரை விட்டுவிட்டு, அதைப் பயன்படுத்தும் அலுவலகங்களுக்கு நேரடியாக விற்கலாமே! 'மேனேஜ்எஞ்சின்' அப்படிப் பிறந்தது. 2005-இல் இணையத்திலேயே எழுத உதவும் 'ஜோஹோ ரைட்டர்' வந்தது. 2009-இல் கம்பெனியின் பெயரே ஜோஹோ ஆயிற்று. வெளியார் முதலீடு வாங்காததால், என்ன செய்யலாம் என்பதைத் தாமே முடிவு செய்ய முடிந்தது. இதுதான் பெரிய செய்தி என்பேன். பணக்காரர் பட்டியலில் அவருக்கு எத்தனையாவது இடம் என்பதல்ல.

பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களைக் கட்டணமின்றி, உதவித்தொகையும் கொடுத்துப் பயிற்றும் பள்ளியையும் 2005-இல் தொடங்கினார்கள். உடனே, "கல்லூரியே வேண்டாம்" என்று வீட்டில் சொல்லிவிடாதீர்கள்! அங்கும் கணிதமும் நிரல் எழுதுதலும் கடுமையாகத்தான் கற்பிக்கிறார்கள்.

2019-இல் வேம்பு தென்காசி அருகே மத்தளம்பாறை கிராமத்திற்கே குடிபோனார். 2021-இல் பத்மஸ்ரீ விருது வந்தது. 2025 ஜனவரியில் தலைமை நிர்வாகப் பொறுப்பை விட்டு, தலைமை விஞ்ஞானியாக ஆராய்ச்சிப் பணிக்குத் திரும்பினார்.