சிமெண்ட் தரையில் ஒட்டாத தீபாவளி

தார் பாலைவனத்தின் 'மாண்டணா' கோலங்களை மழை அழிப்பது வழக்கம்தான். இப்போது வந்திருப்பது வேறு சோதனை.

தீபாவளி நெருங்கினால் தார் பாலைவனத்துக் கிராமங்களில் பட்டாசுக்கு முன்னால் சாணத்துக்குத்தான் கிராக்கி. இங்கே ஆண்டுக்குப் பெய்வது 10 முதல் 50 செ.மீ. மழை. மண் சுவரை அரிக்க அதுவே போதும். மழை ஓய்ந்ததும் பெண்கள் களிமண், சாணம், பொடியாக நறுக்கிய வைக்கோல் மூன்றையும் குழைத்துச் சுவரையும் முற்றத்தையும் மெழுகுகிறார்கள். காய்ந்ததும் காவிக் கரைசல். அதன்மேல் 'கடியா' என்ற வெள்ளை மண்ணில் வரைவதுதான் மாண்டணா. மாவிலையும் பூவும் அரிதான பூமியில் காலடி மண்ணே அலங்காரம்.

தூரிகை அவசியமில்லை. கரைசலில் தோய்த்த துணியை உள்ளங்கையில் வைத்துப் பிழிந்தால், மோதிர விரல் வழியே வெள்ளை வழிந்து கோடாகிறது. வாசலிலிருந்து உள்ளே நடக்கும் லட்சுமியின் பாதங்கள் ('பக்லியா') தீபாவளிக்குக் கட்டாயம். முற்றத்தின் நடுவே சதுரங்களும் அறுகோணங்களும் பின்னிய 'சௌக்', சுற்றிலும் தீபங்கள். நடுவில் உள்ள இடைவெளிகளை மெல்லிய கோடுகளால் நிரப்புவதில்தான் கைத்திறன் தெரியும். நம் கோலம் மறுநாள் காலையே துடைப்பத்துக்குப் போய்விடும். மாண்டணாவோ வறண்ட காற்றில் அடுத்த மெழுகல் வரை தாக்குப்பிடிக்கும்.

அந்த மெழுகல்தான் இப்போது குறைந்து வருகிறது. 2006 ஆகஸ்டில் பார்மர் மாவட்டத்தின் கவாஸ் பகுதி வெள்ளத்தில் மூழ்கியது. நிலத்தடியில் இருந்த ஜிப்சம் படிவம் நீரை இறங்க விடவில்லை. மண் வீடுகள் கரைந்தன. அதைப் பார்த்தவர்கள் கான்கிரீட் கூரைக்கு ஆசைப்படுவதில் வியப்பில்லை. 2016இல் தொடங்கிய பிரதமரின் கிராமப்புற வீட்டுத் திட்டம் சமவெளிப் பகுதிகளில் வீட்டுக்கு ரூ. 1.20 லட்சம் தருகிறது. வருவது சிமெண்ட் வீடு.

வழுவழுப்பான சிமெண்டில் காவியும் கடியாவும் நிலைப்பதில்லை, உதிர்ந்துவிடுகின்றன. எனாமல் பெயிண்டில் வரைந்தால் பல ஆண்டுகள் அழியாது. சிக்கலே அதுதான். அழிந்தால்தானே அம்மா மறுபடி வரைவாள், மகள் பக்கத்தில் உட்கார்ந்து கற்பாள்? கடையில் வாங்கிய ஸ்டிக்கர் பாதங்களுக்கு இருவருமே தேவையில்லை.

கலை அழிகிறதே என்று நகரத்தில் புலம்புபவர்கள் சாணம் சுமந்தவர்கள் அல்ல. குடிநீருக்கே வெகுதூரம் நடக்கும் ஊரில், வீடு முழுவதையும் மெழுகுவதற்கான தண்ணீரையும் பெண்கள்தான் தலையில் சுமந்தாக வேண்டும். அந்த வேலை ஒழிந்ததில் அவர்களுக்கு நிம்மதிதான்.

ஆனாலும் எல்லாரும் முழுதாக விட்டுவிடவில்லை. சில வீடுகளில் புதிய சிமெண்ட் அறைக்குப் பக்கத்திலேயே பழைய மண் அடுப்படி நிற்கிறது. தீபாவளிக்கு முன் மெழுகுவது அதை மட்டும்தான். லட்சுமியின் பாதங்கள் அந்த வாசலில் ஏறுகின்றன.