காட்சிக்குப் பின் உழைப்போர்

பழனிக்குக் கிழக்கே, கொய்யாத் தோப்புகள் சூழ அமைந்த ஊர் ஆயக்குடி. அங்கு உழவர் ஒருவர் மரக்கன்று நடக் குழி தோண்டுகையில், பழைய செப்புப் படிமம் ஒன்று மண்வெட்டியில் தட்டுப்படுவதாகக் கொள்வோம். அதன் மேல் படர்ந்துள்ள பச்சைக் களிம்பைக் கண்டதும், புளியிட்டுத் துலக்கவே பலருக்கும் தோன்றும். அன்பினாற் செய்யும் அச்செயலே படிமத்திற்குக் கேடாய் முடியும். பின், அதனைக் காப்பது எங்ஙனம்? இதற்கு விடை அருங்காட்சியகத்தின் உள்ளறைகளில் இருக்கின்றது.

நம் நாட்டின் பழைமையான அருங்காட்சியகங்களுள் ஒன்று சென்னை எழும்பூரில் உள்ளது. 1851ஆம் ஆண்டு, புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிக் கட்டடத்தில், மருத்துவர் எட்வர்டு பால்பரின் பொறுப்பில் அது தொடங்கப்பெற்றது. 1854இல் எழும்பூருக்கு மாறியது. அங்கு வளர்க்கப்பட்ட விலங்குகள் பின்னர்த் தனிக் காட்சிசாலைக்குச் சென்றன. மக்கள் அவ்விலங்குச்சாலையை 'உயிர் காலேஜ்' என்றும், அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்றும் வழங்கலாயினர். உள்ளே நடைபெறும் பணிகளைக் கண்டவர், 'செத்த' என்னும் அடைமொழி பொருந்தாது என்பதை உணர்வர்.

புதிதாக வரும் பொருள் முதலில் பதிவேட்டில் இடம்பெறும். அது கிடைத்த ஊர், நாள், ஆழம், அளவு, எடை ஆகியன எழுதப்படும், நிழற்படமும் எடுக்கப்படும். பின்பு பொருளின் மறைவான பகுதியில் ஓர் எண் சிறிதாகப் பொறிக்கப்படும். அவ்வெண் அழிந்தால், பொருள் தன் ஊரையும் வரலாற்றையும் இழந்து நாதியற்றதாகிவிடும்.

அடுத்தது ஆய்வுக்கூடம். நெடுங்காலம் மண்ணிற் கிடந்த படிமத்தில் உப்பு ஊறி, செம்போடு கூடிக் குளோரைடு என்னும் சேர்மமாகின்றது. ஈரக்காற்றுப் பட்டதும் அது வெளிர்பச்சைத் தூளாகப் பூத்து, உலோகத்தை மேன்மேலும் அரிக்கும். இதனை 'வெண்கல நோய்' என்பர். ஆயினும் பச்சை யாவும் நோயன்று. உறுதியாகப் படிந்த கரும்பச்சைப் படலம் படிமத்திற்குக் கவசமாகும். புளியின் புளிப்பு அக்கவசத்தைக் கரைத்துவிடும். அழுத்தித் தேய்த்தாலோ சிற்பியின் நுண்ணிய கோடுகளும் மறையும். உள்ளே உறைந்த உப்போ அப்படியே நிற்கும்.

இந்நோய்க்கு மருந்து காணும் ஆய்வு எழும்பூரில் 1930களில் வேதியியலறிஞர் ச. பரமசிவன் அவர்களால் வளர்ந்தது. படிமத்தைக் காரக் கரைசலில் அமிழ்த்தி, மென்மையான மின்னோட்டம் செலுத்தினால், குளோரைடு சிறிது சிறிதாக வெளியேறும். கரைசலை மாற்றுந்தோறும் அதன் ஒரு துளியைச் சோதிப்பர். வெள்ளி நைட்ரேட்டு இட்டால் வெண்மை தோன்றாத நாளே நோய் நீங்கிய நாள். அந்நாள் வர வாரங்கள் பல ஆகலாம். இந்நாளில் படிமத்தின் நிலைக்கேற்ப வேறு முறைகளும் கையாளப்படுகின்றன.

நோய் நீங்கினும் காவல் நீங்குவதில்லை. காற்றின் ஈரம் நாள்தோறும் அளக்கப்படும். ஓலைச்சுவடிகளில் பூச்சி அரித்துள்ளதா என்று ஏடு ஏடாகப் பார்ப்பர். ஓவியங்களின் வண்ணம் மங்காதிருக்க ஒளியைக் குறைப்பர். மெல்லிய தூரிகையால் தூசி துடைக்கும் ஊழியரும், இரவில் விழித்திருக்கும் காவலரும் இப்பணியில் பங்குடையோரே.

இத்தகைய கவனத்தின் பயனை ஆயக்குடியை அடுத்த பகுதியிலேயே காணலாம். பழனிக்குத் தென்மேற்கேயுள்ள பொருந்தலில், 2009, 2010ஆம் ஆண்டுகளில், பேராசிரியர் கா. இராஜன் தலைமையில் புதுவைப் பல்கலைக்கழகத்தார் அகழாய்வு செய்தனர். ஈமச் சின்னம் ஒன்றில் நான்கு கால்களையுடைய சாடியும், அதனுள் ஏறத்தாழ இரண்டு கிலோகிராம் நெல்லும் கிடைத்தன. அந்நெல் ஆய்வுக்கு அனுப்பப்பட்டு, கி.மு. 490ஆம் ஆண்டளவினது என அறியப்பட்டது. பழங்கூலம் என்று எவரேனும் அதனைக் கொட்டியிருப்பின், அச்சான்று மண்ணோடு மண்ணாயிருக்கும்!

ஆதலின், நிலத்தில் பழம்பொருள் கண்டவர் அதனைத் துலக்குதலும் விற்றலும் தகா. கிடைத்த இடத்தைக் குறித்துக்கொண்டு, கிராம அலுவலர் வாயிலாகவோ வட்டாட்சியர் வாயிலாகவோ மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்தல் வேண்டும். புதையல் பற்றிய 1878ஆம் ஆண்டுச் சட்டமும் ஆட்சியருக்கு அறிவிக்குமாறே பணிக்கின்றது.

கண்ணாடிப் பேழைக்குள் விளங்கும் படிமத்தைக் காண்போர் அதனை வார்த்த சிற்பியைப் போற்றுவர். அதனை நோயினின்றும் மீட்ட கைகளையும், பழுதின்றி ஒப்படைத்த உழவரின் கைகளையும் நினைத்தல் நம் கடனாகும்.